விழா மலருக்கு ஒரு குறிப்பு

நூறு சொல்லுக்குள் எழுதித் தரச் சொன்னீர்கள்,
பாஸ்போர்ட் அளவில் ஒரு படமும்.
படம் இல்லை.
சொல்லும் நூறில் நிற்காது; வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

பெயர் ஜி. எம். துளசிபாய். வாத்தியம் வயலின்.
மகால் ஏழாவது தெரு, மதுரை.
அப்பா சாயப்பட்டறையில் நூல் முக்கியவர்.
மாதம் பதினைந்து ரூபாய்த் தவணையில்
வயலினை வாங்கித் தூக்கி வந்தார்.
அதன் கழுத்தில், அவர் பிடித்த இடத்தில்,
கருநீலமாய் ஒரு கட்டைவிரல்
இன்னும் இருக்கிறது.
பஞ்சமத்துக்குப் போகும் வழியில் தினமும் அதைத் தாண்டுகிறேன்.

அரங்கேற்றம் என்று எதையும் போடாதீர்கள்.
டவுன்ஹால் ரோட்டில் ஒரு ராமநவமிக்கு
சுருதி சேர்த்து, வில்லுக்கு ரோசின் தேய்த்து முடித்த பிறகு
காரியதரிசி வந்தார். என் பெட்டியைப் பார்த்துப் பேசினார்:
"பெண்கள் வாசிச்சுப் பெரியவர் பாடினதில்லையாம்.
தப்பா எடுத்துக்காதீங்க."
கவரில் நாற்பது ரூபாய்.
எடுத்துக்கொண்டேன்.
தப்பாகவும் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர்
வயலினுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
சண்டை போடவில்லை. காசுதான் கொடுத்தாயிற்றே என்று
அதை ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

பிறகு லேடி டோக் கல்லூரி ரோட்டில் வானொலி நிலையம் வந்தது.
அங்கே எனக்கு நிரப்புகிற வேலை.
உர விளம்பரத்துக்கும் மாநிலச் செய்திக்கும் நடுவே
ஒரு நிமிடம் பத்து நொடி.
நாடகம் சீக்கிரம் முடிந்துவிட்டால் மூன்று நிமிடம்.
ஒரு தலைவர் இறந்த வாரம்
விடியலிலிருந்து நள்ளிரவு வரை முகாரி;
விரல் நுனியில் தோல் உரிந்து, பிளாஸ்திரி ஒட்டி வாசித்தேன்.
பெயர் சொல்ல மாட்டார்கள்.
"அடுத்த நிகழ்ச்சி சிறிது நேரத்தில்" என்பார்கள்.
அந்தச் சிறிது நேரம் நான்.

ஒரு புதன்கிழமை இரவு
அதே பெரியவரின் கச்சேரிப் பதிவு.
பேகடா. நிஷாதத்தில் நிற்கிறார்,
நாடா அறுந்தது.
டூட்டி அதிகாரி மோசஸ் பொன்னையா
செருப்பில்லாமல் ஓடி வந்தார்:
"அம்மா, எதையாவது வாசிங்க, ஒட்டுற வரைக்கும்."

என் தந்திகள் இரண்டு கட்டையில் இருந்தன. அவருக்கு ஒன்று.
இறக்கினேன். பிருடை கிறீச்சிட்டது.
சிவப்பு விளக்கு எரிந்தது.

எதையாவது வாசித்திருக்கலாம்.
ஆனால் பேகடா நிஷாதத்தை அப்படி நடுத்தெருவில் விட்டுப் போக முடியாது,
அது அரைக்கண் மூடிய சுரம்.
அவர் விட்ட இடத்திலேயே பிடித்து,
அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் நின்று
(கடைசி வரிசையில் அவர் கச்சேரி பதினோரு தடவை கேட்டவள்)
மேலே கொஞ்சம் சுற்றிக் காட்டி,
நின்ற பஸ்ஸிலிருந்து குழந்தையை இறக்குவதுபோல
ஷட்ஜத்தில் அவரை இறக்கிவிட்டேன்.
நாலு நிமிடம் ஐந்து நொடி.
பதிவேட்டில்: தொழில்நுட்பக் கோளாறு.

பத்து நாளில் நிலையத்துக்கு ஒரு இன்லண்ட் கடிதம்.
"யார் அந்தப் பிள்ளையாண்டான்? நல்ல விரல்.
அடுத்த தடவை மதுரைக்கு வந்தால்
என் பக்கத்தில் உட்காரச் சொல்லவும்."
என்ன பதில் எழுத என்றார் பொன்னையா.
பிள்ளையாண்டானுக்கு லீவு இல்லை என்று எழுதச் சொன்னேன்.
எழுதினார். அலுவலக முத்திரையோடு.

கிரேடு: பி-ஹை. மூன்று முறை தேர்வு எழுதியும் அதேதான்.
இதைப் போட்டாலும் சரி, விட்டாலும் சரி.

ஒன்றை மட்டும் விட வேண்டாம்.
சிம்மக்கல்லில் ஒரு டீக்கடை, நல்ல மழை.
சிமெண்ட் மூட்டைக் கணக்கில் இரண்டு பேர் சண்டை.
மேலே ரேடியோவில் நான், போன வருஷத்துக் கேதாரகௌளை.
"ஏய், பிடில் போட்டுட்டான். நியூஸு வரப்போகுது, சத்தத்த வையி"
என்றார் ஒருவர்.
கடைக்காரர் எட்டித் திருகினார்.
கடை முழுக்க நான்.
அரை நிமிடம் இருக்கும். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது.
டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

மலரில் எந்தப் பக்கம்
கால்வாசி காலியாக விழுகிறதோ
அங்கே இதைப் போடுங்கள்.
பழக்கம்தான்.